பிளக்-இன் ஹைபிரிட் காரில் இழுவை குறைந்தால்: கியர்பாக்ஸைக் கழற்றும் முன் எந்த வரிசையில் பார்ப்பது

"வண்டி இழுக்க மாட்டேங்குது, கியர்பாக்ஸ் போயிடுச்சு போல." பிளக்-இன் ஹைபிரிட் (செருகிச் சார்ஜ் போடும், பெட்ரோல் இன்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார்) கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் இந்த வாக்கியத்தோடுதான் வருகிறார்கள். நான் பார்த்த வண்டிகளில் கியர்பாக்ஸை உண்மையிலேயே இறக்க வேண்டியிருந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் 12 வோல்ட் பேட்டரி, கூலன்ட், மோட்டாரை ஓட்டும் பெரிய பேட்டரி, அல்லது யாரும் சந்தேகிக்காத பெட்ரோல் இன்ஜின்.

கீழே உள்ள வரிசையில் மலிவானதும் எளிதானதும் முன்னால், செலவானதும் திரும்ப முடியாததும் கடைசியில் வருகின்றன. இடையில் ஒன்றைத் தாண்டினால் பின்னால் வரும் முடிவுகளை நம்ப முடியாது. அதனால் வரிசையை மாற்ற வேண்டாம்.

1. தொடக்கூடாதவை, கையில் இருக்க வேண்டியவை

ஆரஞ்சு நிற உறை போட்ட ஒயர்கள் எல்லாம் உயர் மின்னழுத்தம். முறையான பயிற்சியும், 1000 வோல்ட் தரத்தில் சோதித்த கையுறையும் இல்லாமல் அவற்றின் கனெக்டரைக்கூட அசைக்காதீர்கள். சர்வீஸ் பிளக்கை (பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிப்பது) கழற்றிய பிறகும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். கம்பெனி கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். இந்த வழிகாட்டியில் உள்ள சோதனைகள் எதற்கும் ஆரஞ்சு ஒயரைத் தொடத் தேவையில்லை.

வண்டி நின்றுபோனால், ஓட்டும் சக்கரங்கள் தரையில் உருள இழுத்துச் செல்லாதீர்கள். உள்ளே இருப்பவை நிரந்தரக் காந்த மோட்டார்கள். சக்கரம் சுற்றினால் அவையும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். மேடை வண்டியில் ஏற்றுவதுதான் பாதுகாப்பு.

கருவிகள் என்று பார்த்தால் ஒரு நல்ல மல்டிமீட்டர், டார்ச், நோட்டுப் புத்தகம், ஒரு ஸ்கேனர். ஸ்கேனர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விலை குறைந்தவை இன்ஜின் கம்ப்யூட்டரை மட்டும் படித்துவிட்டு "கோளாறு இல்லை" என்று சொல்லிவிடும். ஹைபிரிட் கம்ப்யூட்டர், பேட்டரி கம்ப்யூட்டர், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர் மூன்றையும் தனித்தனியாகத் திறந்து நேரடி எண்களைக் காட்டுவது வேண்டும்.

2. எந்த வகை வண்டி என்று தெரிந்துகொள்ளுங்கள்

பிளக்-இன் ஹைபிரிட் என்ற ஒரே பெயருக்குள் பல வேறு அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றில் பொருந்தும் சோதனை இன்னொன்றில் அர்த்தமில்லாமல் போகும். புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இதுதான்.

டொயோட்டா பிரியஸ் பிளக்-இன், ஃபோர்டு எஸ்கேப் பிளக்-இன் போன்றவற்றில் இன்ஜினும் இரண்டு மோட்டார்களும் ஒரு கோள் கியர் தொகுப்பில் (நடுக்கியர், அதைச் சுற்றும் சிறு கியர்கள், வெளிவளையம் சேர்ந்தது) நிரந்தரமாகக் கோர்க்கப்பட்டிருக்கும். இ-சிவிடி என்று பெயர் இருந்தாலும் உள்ளே பெல்ட் இல்லை, டார்க் கன்வெர்ட்டர் இல்லை, மாறும் கியர்களும் இல்லை. இன்ஜின் சத்தம் ஒரு பக்கம் ஏற, வேகம் தன் போக்கில் ஏறுவது இதன் இயல்பு. அதை "கிளட்ச் வழுக்குகிறது" என்று நினைத்துவிடக் கூடாது.

ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஇ, பிஎம்டபிள்யூ 330இ போன்றவற்றில் வழக்கமான கியர்பாக்ஸே இருக்கிறது. மோட்டார் அதற்கு முன்னால் உட்காரும், இன்ஜினைச் சேர்க்கவும் பிரிக்கவும் தனியாக ஒரு கிளட்ச் இருக்கும். கியர் மாறும் கோளாறுகள் உண்மையில் வரக்கூடிய வகை இதுதான்.

மிட்சுபிஷி அவுட்லேண்டரில் மாறும் கியரே கிடையாது. முன்னும் பின்னும் மோட்டார் ஓட்டும், இன்ஜின் பெரும்பாலும் ஜெனரேட்டர் வேலை பார்க்கும். சுமார் 65 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் தேவைப்பட்டால் ஒரு கிளட்ச் வழியாக நேராகச் சக்கரத்தோடு சேரும்.

வால்வோ டி8 வகையில் முன்சக்கரத்துக்கு இன்ஜினும் 8 வேக கியர்பாக்ஸும், பின்சக்கரத்துக்கு மோட்டார். நடுவில் இணைக்கும் தண்டு இல்லை. பின்மோட்டார் ஒதுங்கிக்கொண்டால் இழுவையும் குறையும், நான்கு சக்கர ஓட்டமும் போய்விடும்.

வகை தெரிந்ததும் வண்டியின் சேசிஸ் எண்ணைப் போட்டு, கம்பெனி திரும்ப அழைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிட வேலை. 2017 முதல் 2023 வரையிலான கிரைஸ்லர் பசிஃபிகா பிளக்-இன் வண்டிகள், டிரான்ஸ்மிஷனுக்குள் இருக்கும் ஒயரிங் கனெக்டரில் ஷார்ட் ஆகி ஓடும்போதே இன்ஜின் அணையலாம் என்பதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அப்படிப்பட்ட ஒன்றை நீங்கள் உட்கார்ந்து இரண்டு நாள் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

3. புகாரை எழுதி வாங்குங்கள்

"இழுக்கவில்லை" என்பது தகவல் இல்லை. எப்போது என்பதுதான் தகவல். பேட்டரியில் எத்தனை சதவீதம் இருந்தது, எந்த மோடு, எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, ஏற்றமா சமதளமா, வெளியே குளிரா வெயிலா, கொஞ்சம் நிறுத்தி வைத்ததும் சரியாகிறதா. இந்த ஆறையும் எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் வண்டியை இதே நிலைமையில் ஓட்டித்தான் சரியானதா என்று பார்க்க முடியும்.

எழுதும்போதே சில புகார்கள் கரைந்துவிடும். பேட்டரி முழுதாக நிறைந்திருக்கும்போது நீண்ட இறக்கத்தில் இறங்கினால், பிரேக் சக்தியைச் சேமிக்க இடமில்லை. அப்போது பல வண்டிகள் இன்ஜினைச் சுற்றவிட்டு வேகத்தைக் கட்டுப்படுத்தும், பெரிய சத்தம் வரும். அதேபோல் நிற்கப் போகும் நேரத்தில் மோட்டார் பிரேக்கிலிருந்து சாதாரண பிரேக்குக்கு மாறும்போது ஒரு சின்னத் தள்ளல் தெரியும், கியர் இறங்கியது போலவே இருக்கும். குளிரில் சார்ஜ் இருந்தும் இன்ஜின் தானாக ஓடுவதும் கோளாறு இல்லை.

4. கோடுகளைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

மற்ற எதையும் தொடும் முன் எல்லாக் கம்ப்யூட்டர்களின் கோடுகளையும் (கோளாறு நேரும்போது பதிவாகும் குறியீடுகள்) படித்துப் படம் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு கோடோடும் அது விழுந்த நொடியின் வேகம், வெப்பம், மின்னழுத்தம் பதிவாகியிருக்கும். கோடைவிட அந்தப் பதிவுதான் பெறுமதியானது.

இங்கே நடக்கும் மகா தவறு, பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டிப் பார்ப்பது. பழைய கார் பழக்கம். விளக்கு அணையும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், பதிவும் கியர்பாக்ஸ் கற்றுவைத்திருந்த அளவுகளும் சேர்ந்து போகக்கூடும். அப்புறம் புதிதாக வரும் ஜெர்க் பழைய கோளாறா, நாமே உண்டாக்கியதா என்று தெரியாது. நானும் ஆரம்பத்தில் ஒரு முறை இதைச் செய்து ஒரு வாரத்தைத் தொலைத்திருக்கிறேன்.

சில கோடுகளை அடையாளம் தெரிந்து வைத்திருப்பது நல்லது. பி0ஏஏ6 என்றால் உயர் மின்னழுத்தம் வண்டியின் உடலுக்குக் கசிகிறது, அதாவது காப்பு பழுது. அதைக் கண்டால் இங்கேயே நிறுத்திவிட்டுப் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள். பி0ஏ80 பெரிய பேட்டரி தேய்ந்துவிட்டது என்கிறது. பி0ஏ93 இன்வெர்ட்டர் குளிர்ச்சி போதவில்லை என்கிறது. பி0562 வண்டியின் சாதாரண மின்னழுத்தம் குறைவு. யூ-வில் தொடங்குபவை கம்ப்யூட்டர்கள் ஒன்றோடு ஒன்று பேசவில்லை என்பவை.

பத்துப் பதினைந்து கோடுகள் ஒன்றாகக் கொட்டினால் பயப்படாதீர்கள். பத்துப் பாகங்கள் ஒரே நாளில் கெடுவது அரிது. அடுத்த படிக்குப் போங்கள்.

5. 12 வோல்ட் பேட்டரி

சாதாரணக் காரில் இது பலவீனமானால் காலையில் ஸ்டார்ட்டர் முக்கி முனகிச் சொல்லிவிடும். பல பிளக்-இன் ஹைபிரிடுகளில் இன்ஜினைச் சுற்றுவது பெரிய பேட்டரியின் மோட்டார். 12 வோல்ட்டுக்குக் கம்ப்யூட்டர்களை எழுப்புவதும் பெரிய பேட்டரியின் ரிலேயை மூடுவதும்தான் வேலை. அதனால் அது முன்னறிவிப்பு இல்லாமல் சாகும். சாகும்போது கியர் பார்க்கிலிருந்து நகராது, சிவப்பு எச்சரிக்கைகள் வரும், ஓடும்போது இழுவை வெட்டும். பார்க்கிறவருக்கு எல்லாம் கியர்பாக்ஸ் கோளாறாகவே தெரியும்.

வண்டியை அணைத்து, பூட்டி, சில மணி நேரம் விட்டுவிட்டு அளக்க வேண்டும். கதவைத் திறந்ததுமே கம்ப்யூட்டர்கள் விழித்து மின்சாரம் இழுக்கும், எண் குறைத்துக் காட்டும். அதனால் பானட்டை முன்பே திறந்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள். பேட்டரி டிக்கியில் இருந்தால் முன்னால் இருக்கும் ஜம்ப் முனையில் அளக்கலாம்.

ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் நிறைவு. 12.2 பாதி. 12-க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றி, சுமை சோதனை செய்து, தேறாவிட்டால் மாற்றுங்கள். பிறகு ரெடி விளக்கு (வண்டி ஓடத் தயார் என்று காட்டுவது) எரியும் நிலையில் அளந்தால் 13-க்கு மேல், பெரும்பாலும் 14-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ரெடியிலும் 12.3 என்று நின்றால் பேட்டரியில் குற்றமில்லை, பெரிய பேட்டரியிலிருந்து அதற்கு ஊட்டும் டிசி-டிசி கன்வெர்ட்டரையும் அதன் ஃபியூஸையும் பார்க்க வேண்டும்.

காருக்குள் இருக்கும் பேட்டரிகள் பலவும் ஏஜிஎம் வகை (அமிலம் கண்ணாடியிழைப் பாயில் ஊறியிருப்பது), வாயு வெளியேறக் குழாய் உள்ளவை. கிடைத்த சாதாரண பேட்டரியைப் போட்டு அனுப்பாதீர்கள். இன்னொரு காருக்கு ஜம்ப் கொடுக்க இந்த வண்டியைப் பயன்படுத்துவதும் வேண்டாம். டிசி-டிசி கன்வெர்ட்டர் ஆல்டர்னேட்டர் இல்லை, திடீர்ச் சுமையைத் தாங்காமல் போகலாம்.

6. காரே வேண்டுமென்று குறைக்கிறதா?

இழுவை குறைவதும் கோளாறும் ஒன்றல்ல. பேட்டரியைக் காப்பாற்ற கம்ப்யூட்டர் தானே சக்தியைக் கட்டுப்படுத்தும். கணக்கு ஒன்று பாருங்கள். முதல் கோல்ஃப் ஜிடிஇ-யில் இன்ஜின் 110 கிலோவாட், மோட்டார் 75, இரண்டும் சேர்ந்து கிடைப்பது 150. பேட்டரி காலியானால் கையில் மிஞ்சுவது 110-ஐ ஒட்டியது. நான்கில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது. சார்ஜே போடாமல் ஓட்டுகிறவர் நான்கு பேரோடு மலையேறினால் "பிக்கப் போச்சு" என்றுதான் சொல்வார்.

குளிரில் லித்தியம் பேட்டரி கொடுக்கவும் வாங்கவும் கூடிய சக்தி குறையும். மிகையான சூட்டிலும் கம்ப்யூட்டர் அதைக் கட்டிவைக்கும். ஸ்கேனரில் பேட்டரியின் அனுமதிக்கப்பட்ட வெளியேற்ற சக்தி என்ற எண் இருக்கும். டொயோட்டா கருவிகளில் அது டபிள்யூ-அவுட் என்று வரும். வண்டி திணறும் நேரத்தில் அந்த எண் சுருங்கியிருந்தால், கியர்பாக்ஸைப் பற்றிய பேச்சை அங்கேயே விட்டுவிட்டு ஏன் சுருங்கியது என்று தேடுங்கள். சார்ஜ் குறைவு, வெப்பம், பலவீனமான செல், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும்.

7. குளிர்விக்கும் வழிகள்

அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு சோர்ந்து, நிறுத்தி வைத்தால் தேறுகிற வண்டி என்றால் முதல் சந்தேகம் இங்கே. இன்ஜின் கூலன்ட்டிலிருந்து தனியாக, இன்வெர்ட்டருக்கு ஒரு சுற்றும் அதற்கென மின்சார பம்ப்பும் இருப்பது பலருக்குத் தெரியாது. முன்னால் ஒரு டப்பாவைப் பார்த்து "கூலன்ட் இருக்கிறது" என்று மூடிவிடுவார்கள். அது இன்ஜினுடைய டப்பா.

வண்டி ஆறியிருக்கும்போது இன்வெர்ட்டர் டப்பாவின் அளவைப் பாருங்கள். ரெடியில் வைத்ததும் பல டொயோட்டா வண்டிகளில் அந்த டப்பாவுக்குள் திரவம் சுழல்வது கண்ணுக்கே தெரியும். அசைவே இல்லையென்றால் பம்ப் நின்றிருக்கிறது, அல்லது உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. "போன வாரம்தான் கூலன்ட் மாற்றினோம், அதற்கப்புறம்தான் இப்படி" என்று வாடிக்கையாளர் சொன்னால் காற்றுதான். ஸ்கேனர் வழியாக பம்ப்பை ஓடவிட்டு, கையேட்டின்படி காற்றை வெளியேற்ற வேண்டும். கம்பெனி சொன்ன கூலன்ட்டைத் தவிர வேறெதையும், வெறும் தண்ணீரையும் ஊற்றாதீர்கள்.

பெரிய பேட்டரி காற்றால் குளிரும் வண்டிகளில் காற்று உள்ளே போகும் சல்லடை பெரும்பாலும் பின்சீட்டுப் பக்கம் இருக்கும். மேலே பை, போர்வை, குழந்தை இருக்கை எதுவும் அடைக்கக் கூடாது. நாய் வளர்ப்பவர் வண்டியில் அந்தச் சல்லடை கம்பளி மாதிரி இருக்கும், நேரில் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

8. பெரிய பேட்டரியைச் சுமையில் பாருங்கள்

நிற்கும் வண்டியில் எல்லாச் செல்லும் நல்ல பிள்ளைதான். ஒருவர் ஓட்ட, ஒருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். முதலில் மெதுவான சார்ஜில் முழுதாக ஏற்றி, செல்கள் சமன்பட நேரம் கொடுங்கள். இல்லாவிட்டால் வெறும் சமனின்மையைச் செத்த செல் என்று தீர்ப்பளித்துவிடுவீர்கள்.

பிறகு மிக அதிக, மிகக் குறைந்த செல் மின்னழுத்தத்தை மூன்று நேரத்தில் குறியுங்கள்: ஓய்வில், முழு ஆக்ஸிலேட்டரில், பலமான பிரேக்கில். ஒரே செல் ஆக்ஸிலேட்டரில் எல்லாரையும்விடக் கீழே விழுந்து, பிரேக்கில் எல்லாரையும்விட மேலே எழுந்தால் அதன் உள்மின்தடை கூடிவிட்டது, செல் தேய்ந்திருக்கிறது. இரண்டிலும் கீழேயே இருந்தால் அதில் சார்ஜ் குறைவாக இருக்கிறது, சமன்படுத்திப் பார்க்க வாய்ப்பு உண்டு. இந்த வேறுபாட்டைப் பார்க்காமல் முழு பேட்டரிக்கு விலை சொல்வது எனக்கு ஒப்பாது.

சார்ஜ் சதவீதம் 30-லிருந்து ஒரே ஏற்றத்தில் 8-க்குக் குதித்தாலும் அதே சந்தேகம்தான்.

9. இன்ஜினை மறந்துவிடாதீர்கள்

மோட்டார் இன்ஜினின் குறையை மூடி மறைக்கும். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் நகரத்துக்குள் யாருக்கும் தெரியாது. நெடுஞ்சாலையில் பேட்டரி இறங்கியதும் குட்டு வெளிப்படும். அதனால் சார்ஜைச் சேமிக்கும் மோடில் வைத்து, இன்ஜின் ஓட ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள். எரியாத சிலிண்டர் எண்ணிக்கை, எரிபொருள் திருத்தம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு), டர்போ அழுத்தம் மூன்றையும் கவனியுங்கள்.

தினமும் சார்ஜ் போட்டு ஓட்டுபவரின் டேங்கில் பெட்ரோல் மாதக்கணக்கில் கிடக்கும். ஷெவர்லே வோல்ட்டில் இதற்காகவே, சுமார் ஆறு வாரம் ஓடாவிட்டால் இன்ஜினைத் தானாக ஓட்டும் ஏற்பாடும், பெட்ரோல் ஒரு வருடத்துக்கு மேல் பழசானால் அதை எரித்துத் தீர்க்கும் ஏற்பாடும் இருக்கின்றன. ஆயில் அளவுகோலையும் பாருங்கள். அளவு கூடியிருந்து பெட்ரோல் வாசனை வந்தால், இன்ஜின் சூடாகும் முன்பே நிறுத்தி நிறுத்தி ஓடியிருக்கிறது.

ஏமாற்றும் இன்னொரு இடம்: 2010 முதல் 2015 வரையிலான பிரியஸ் தலைமுறையின் இன்ஜினில், இஜிஆர் பாதையில் (புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்குள் விடும் வழி) கரி அடைவதும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் தலைக்கும் உடலுக்கும் நடுவே உள்ள அடைப்பு) கசிவதும் தெரிந்த விஷயங்கள். காலையில் இன்ஜின் எழும்போது மரப்பெட்டியை உதைப்பது போல கடகடவென்று ஒரு நடுக்கம் வரும். சத்தம் கியர்பாக்ஸ் பக்கமிருந்து வருவதுபோலவே கேட்கும். கூலன்ட் மெல்லக் குறைகிறதா என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

10. இப்போது கியர்பாக்ஸ்

இவ்வளவும் தேறினால்தான் இங்கே வர வேண்டும். இங்கேயும் கழற்றுவதற்கு முன் ஒரு கேள்வி: கோளாறு மின்சார ஓட்டத்திலும் வருகிறதா, இன்ஜின் சேரும்போது மட்டுமா?

கோல்ஃப் ஜிடிஇ வகையில் இரண்டு சக்தியும் ஒரே கியர்பாக்ஸ் வழியாகப் போகின்றன. இரண்டிலும் ஜெர்க் என்றால் கியர்பாக்ஸ் அல்லது அதன் ஹைட்ராலிக் பகுதி. இன்ஜின் சேரும் நொடியில் மட்டும் என்றால் பிரிக்கும் கிளட்ச், இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் அல்லது இன்ஜினே. வால்வோ வகையில் மின்சார ஓட்டம் பின்சக்கரத்தில், கியர்பாக்ஸைத் தொடாது. அங்கே மின்சாரத்திலும் தடுமாறினால் முன் கியர்பாக்ஸைக் குற்றம் சொல்ல வழியில்லை.

கோள் கியர் வகைக்கு அழகான சோதனை ஒன்று உண்டு. பிரியஸ் தொகுப்பில் முதல் மோட்டார் சேரும் நடுக்கியருக்கு 30 பல், சக்கரத்தோடு சேரும் வெளிவளையத்துக்கு 78; இன்ஜின் நடுவில் சுற்றும் சிறு கியர்களோடு சேரும். வண்டி நிற்கும்போது வளையம் அசையாது. அப்போது இன்ஜின் 1000 சுற்று என்றால் முதல் மோட்டார் 3600 காட்டியே ஆக வேண்டும், 1300 என்றால் 4680. கணக்கு விடாமல் ஒத்துப்போனால் பற்கள் நலம். இன்ஜின் எண் மட்டும் தனியாக ஏறினால் இன்ஜினுக்கும் கியருக்கும் நடுவில் அதிர்வைத் தாங்கும் டேம்பர் வழுக்குகிறது. ஒரு போல்ட்கூடத் தளர்த்தாமல் இது தெரிந்துவிடும்.

ஆயில் பார்க்கும்போது கையேடு சொன்ன வெப்பத்தில் பாருங்கள். குளிர்ந்த ஆயிலில் அளவு பொய் சொல்லும். அதிகம் ஊற்றினால் நுரைத்து அழுத்தம் விட்டுவிட்டு வரும். கம்பெனி சொன்ன ஆயிலே வேண்டும் என்பதற்கு ஹைபிரிடில் கூடுதல் காரணம் உண்டு: பல வண்டிகளில் மோட்டாரின் கம்பிச்சுற்று அதே ஆயிலில்தான் நனைகிறது. தவறான ஆயில் மின்காப்பையே கெடுக்கலாம். ஆயில் கருகிய வாசனையோ இரும்புத் துகளோ காட்டினால், அப்போது இறக்குங்கள்.

11. வேலை முடிந்த பிறகு

கியர்பாக்ஸ் ஹைட்ராலிக் பகுதி அல்லது கிளட்ச் மாற்றியிருந்தால் ஸ்கேனரில் கற்றல் நடைமுறையை ஓட்டுங்கள். மோட்டார் அல்லது இன்வெர்ட்டர் மாற்றியிருந்தால் ரிசால்வர் (மோட்டார் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று சொல்லும் சென்சார்) கற்றலும் வேண்டியிருக்கலாம். இதை விட்டுவிட்டு "புது பாகமும் ஜெர்க் அடிக்கிறது" என்று திருப்பி அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிறகுதான் கோடுகளை அழியுங்கள். மூன்றாவது படியில் எழுதிய அதே சார்ஜ், அதே மோடு, அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். மறுநாள் காலை ஆறிய வண்டியை இன்னொரு முறை ஓட்டி, உறுதியாகாத கோடுகள் (பென்டிங், இன்னும் விளக்கு எரியாதவை) பகுதியையும் திறந்து பாருங்கள். அதில் ஏதாவது உட்கார்ந்திருந்தால் சாவியைக் கொடுக்க வேண்டாம், நான்காவது படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.